அமாவாசைக் கணவாய்

சீர் வேண்டாம், செனத்தி வேண்டாம், பி.எஸ்ஸி. படித்த பெண் என்றால் போதும் என்று ஹேமசபேசன் வீட்டிலிருந்து சொல்லி அனுப்பியபோது திருப்பாதிரிப்புலியூரில் ஒரு தெருவே வாயைப் பிளந்தது. கடலூர் கலெக்டர் கச்சேரி டவாலி சபாபதியின் பெண்ணுக்குச் சிதம்பரத்தில் தேர் ஓடுகிற வீதியில் வீடு, காலேஜில் உத்தியோகம் பார்க்கிற மாப்பிள்ளை. போன ஜன்மத்துப் புண்ணியம் என்றார்கள். புண்ணியமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஹேமசபேசன் ஜுவாலஜி டெமான்ஸ்ட்ரேட்டர். மேல்பட்டத்துக்கு ஆராய்ச்சி எழுத வேண்டும். ஆராய்ச்சிக்குக் கை நனைய வேண்டும். அவனுக்குக் கை நனைவது பிடிக்காது. சம்பளத்துக்கு ஆள் வைத்தால் மாதம் பிறந்ததும் கேட்பான். தாலி கட்டி வைத்துக்கொண்டால் கேட்கமாட்டாள்.

பெண் சௌந்தரம் படித்ததும் அதே காலேஜ்தான். அவள் வரைந்த கரப்பான்பூச்சிப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் பெண் கேட்டான். அவள் முகத்தை அவன் பந்தலில்தான் சரியாகப் பார்த்திருப்பான்.

ஆராய்ச்சி, கடலில் மை கக்குகிற கணவாயைப் பற்றி. கணவாய் முட்டை கறுப்புத் திராட்சைக் கொத்து மாதிரி இருக்கும். கடலுக்குள் கிடக்கிற குச்சியிலும் வலைக் கயிற்றிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கொண்டுவந்து பொரிக்கவைத்து, குஞ்சை வளர்த்து, ஒவ்வொரு நிலையையும் வரைய வேண்டும். காலேஜில் உப்புத் தண்ணீருக்கு வழி இல்லை. எனவே காலேஜின் மூன்று கண்ணாடித் தொட்டிகள் மாட்டு வண்டியில் ஏறி வீட்டுக்கு வந்து, கொல்லையில் மாடு இல்லாமல் கிடந்த கொட்டிலில் இறங்கின. கிள்ளையிலிருந்து சிங்காரம் என்ற செம்படவன் ஜாடிகளில் கடல் தண்ணீரும் முட்டைக் கொத்தும் ரயிலேற்றிக் கொண்டுவந்து கொடுப்பான்.

அது சைவ வீடு. வெங்காயம்கூட அமாவாசை கிருத்திகையில் உள்ளே வராது. மாமியார் தில்லையம்மாள் முதல் நாள் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் ஒரு சட்டம் வந்தது. சௌந்தரம் தொட்டியில் கை வைத்தால் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். குளித்தாலும் சமையலறை வாசற்படி தாண்டக்கூடாது. சாப்பாடு கடைசியில், கூடத்து ஓரத்தில். ஹேமசபேசன் அதே தொட்டியில் கை விட்டுவிட்டு நேரே வந்து இலையில் உட்காருவான். அவன் கை படித்த கை. அவள் கை நாற்றம் பிடித்த கை.

"நம்ம வூட்ல எத்தனையோ மருமவ வந்திருக்கா. மீன் கழுவுற மருமவ இப்பத்தான் வந்திருக்கா" என்று தில்லையம்மாள் வாசலில் போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் சொல்லுவாள்.

முதல் கொத்து பொரிக்கவே இல்லை, அழுகிவிட்டது. இரண்டாவது கொத்து பொரித்தது. மிளகு மிளகாகக் குஞ்சுகள். புஸ்தகத்தில் போட்டிருக்கிறது என்று ஹேமசபேசன் சொன்னபடி செத்த இறாலைப் பொடியாக நறுக்கிப் போட்டாள். ஒன்றும் தொடவில்லை. பசி தாங்காமல் பெரியது சிறியதைப் பிடித்துத் தின்றது. பெரியதும் பிறகு செத்தது. ஹேமசபேசன் அவளைத் திட்டினான். தண்ணீரைச் சரியாக மாற்றவில்லையாம். டவாலி வீட்டுப் புத்தியாம்.

மூன்றாவது கொத்து பொரித்த சமயம் அவள் வீட்டுக்குத் தூரமானாள். அந்த வீட்டில் பெண்கள் மாதத்தில் மூன்று நாள் ஒதுங்கி உட்காருவதும் அதே கொட்டில்தான். கிழிந்த பாய், ஒரு சொம்பு, ஒரு தட்டு. யாரும் அந்தப் பக்கம் வரமாட்டார்கள். யாரும் வேலை ஏவமாட்டார்கள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவளுக்குக் கிடைத்த நிம்மதி அந்த மூன்று நாட்களில்தான். அவள் தொட்டிக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சிங்காரம் கொண்டுவந்த ஜாடித் தண்ணீரில் கூனி இறால் ஒன்றிரண்டு உயிரோடு தங்கியிருந்து தொட்டிக்குள் விழுந்துவிட்டன. கூனி துள்ளிக்கொண்டு குறுக்கே போயிற்று. ஒரு குஞ்சு சட்டென்று வெளுத்தது. பிறகு அதன் உடம்பில் பழுப்புக் கோடுகள் ஓடின. முன் கைகள் இரண்டைத் தூக்கிக்கொண்டு மெல்ல மெல்லக் கிட்டே போனது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். நாக்கு மாதிரி இரண்டு இழைகள் பாய்ந்தது தெரிவதற்குள் கூனி அதன் வாயில் இருந்தது.

செத்ததை அவை சாப்பாடாகவே மதிக்கவில்லை. ஓட வேண்டும், துள்ள வேண்டும். அப்போதுதான் அடிக்கும்.

ஹேமசபேசனைக் கொட்டில் வாசலுக்குக் கூப்பிட்டுச் சொன்னாள். அவன் எட்டி நின்று கேட்டுக்கொண்டான்.

"வெரிகுட். இதை நான் அப்சர்வ் பண்ணதா எழுதிக்கறேன்."

"நான்தானே பாத்தேன்."

"நீ பாத்தா என்ன, நான் பாத்தா என்ன? ஒரே குடும்பம்தானே."

அன்றிலிருந்து சிங்காரம் உயிர்க்கூனி கொண்டுவந்தான். ஓடையில் துணி வலை போட்டு அரித்து, ஜாடியின் வாயில் ஈரத்துணி கட்டி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வருவான்.

"அரிசிக்கே ஜனங்க க்யூவுல நிக்குது. இந்தப் பயலுங்களுக்கு உசுரோட வேணுமாம்" என்பான். "எங்க வூட்ல இத்த வறுத்துத் தின்னுட்டுப் பேசாமப் படுத்துக்குவோம் சின்னம்மா. நீங்க என்னாடான்னா தொட்டில் கட்டாத கொறையா வளக்கறீங்க."

"வறுக்கறதுக்கு எங்க வீட்ல சட்டி இல்ல சிங்காரம்."

"உங்க மாமியாருகிட்ட கேட்டா உங்களையே வறுத்துக் குடுக்கும். இன்னிக்கு என்னைப் பாத்த பார்வையில நானே பாதி வெந்துட்டேன்."

அவள் சிரித்தாள். அந்த வீட்டில் அவள் சிரித்தது அவனிடம்தான்.

குஞ்சுகள் வளர்ந்தன. மிளகு சுண்டைக்காயாயிற்று, சுண்டைக்காய் புளியங்கொட்டையாயிற்று. காலையும் மாலையும் பழைய வேட்டியில் வடிகட்டிய தண்ணீரை மாற்றினாள். சைக்கிள் பம்பால் காற்றடித்தாள். அவள் நிழல் விழுந்தால் முன்பெல்லாம் மை கக்கிவிட்டு ஓடும். இப்போது கண்ணாடியோரமாக வந்து கூனிக்குக் காத்துக்கொண்டு நின்றன.

ஹேமசபேசனின் புரொபசருக்குத் தெரிந்த பெரிய புரொபசர் ஒருவர் மதராஸிலிருந்து வருவதாகத் தகவல் வந்தது. ஆடி அமாவாசைக்கு மறுநாள். கணவாய்க் குஞ்சு தொட்டியில் இத்தனை நாள் உயிரோடிருப்பதைத் தான் பார்த்ததில்லை, வந்து பார்க்கிறேன் என்றாராம். அவரிடம் பெண்களுக்கென்று ஓர் ஆராய்ச்சி இடம் காலியாக இருந்தது. மதராஸில் தங்க ஹாஸ்டல், மாதம் உபகாரச் சம்பளம்.

"அந்த இடத்த எனக்குக் கேளுங்க" என்றாள் சௌந்தரம்.

ஹேமசபேசன் சிரித்தான். பிறகு அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அன்றைக்கு வரைய வேண்டிய படங்கள் பாக்கி இருந்தன.

"சரி, அவர் வர்ற அன்னிக்கு உயிரோட காட்டு. வளத்தது நீதான்னு நானே சொல்றேன். போதுமா?"

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அடுத்த நாட்களை ஓட்டினாள். குஞ்சு உயிரோடிருந்தால் மதராஸ். செத்தால் கூடத்து ஓரம்.

இதற்கு நடுவில் அவளுக்கு நாள் தள்ளிப்போயிற்று. முதலில் நம்பவில்லை. காலையில் கூனி ஜாடியைத் திறந்தபோது குமட்டிக்கொண்டு வந்தது, அப்போது நம்பினாள். ஜுவாலஜி படித்தவளுக்கு இதற்கு மேல் யார் வந்து சொல்ல வேண்டும்? தெரிந்தால் மறுநாளே கொட்டிலுக்குப் பூட்டு. மதராஸ் என்ற பேச்சே எடுக்க முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி அப்பாவைப் பார்க்கப் போனாள். சபாபதி தோளில் மாட்டுகிற டவாலிப் பட்டையின் பித்தளை வில்லையைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தார். மதராஸ் இடத்தைப் பற்றி மட்டும் சொன்னாள். வயிற்றைப் பற்றி வாயே திறக்கவில்லை.

சபாபதி ரொம்ப நேரம் வில்லையையே தேய்த்தார்.

"முப்பது வருஷமா நின்னுக்கிட்டே இருக்கேன்மா. கலெக்டரு உக்காந்தா நான் நிக்கணும், அவரு எழுந்தா நான் ஓடணும். உனக்கு உக்கார ஒரு எடம் குடுக்கறேங்கறாங்க. போய் உக்காரு. எவன் சொன்னாலும் எழுந்திரிக்காத."

"அவங்க வீட்ல விடமாட்டாங்கப்பா."

"விடமாட்டாங்கதான். எவன் விட்டான்?"

அவள் திரும்பி வந்ததும் தூரம் என்று சொல்லிக் கொட்டிலில் உட்கார்ந்தாள். மாமியார் நாளை எண்ணுகிறவள். உட்காராவிட்டால் கண்டுபிடித்துவிடுவாள். ஆனால் சும்மா உட்கார்ந்தால் போதாது. ஒதுங்கியிருந்த பெண்ணின் துணியை வண்ணாத்தி ராசம்மாள் வந்து எடுத்துப் போய் வெளுத்துத் தருவாள். அது அந்தத் தெரு வழக்கம். துணி வெள்ளையாக இருந்தால் அவளுக்குத் தெரியும், அவளுக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரியும். சிங்காரம் கொண்டுவந்த பெரிய கணவாய் ஒன்று செத்துக் கிடந்தது. சௌந்தரம் அதன் மைப்பையைக் கீறித் தண்ணீர் விட்டுக் கலந்து துணியில் தடவினாள். காய்ந்ததும் பழுப்பாக, அசல் போலவே இருந்தது. நாற்றத்தைப் பற்றிக் கவலையில்லை. கொட்டிலில் எல்லாமே அந்த நாற்றம்தான். பி.எஸ்ஸி. படித்த மூளை இவ்வளவு அழகாக வேலை செய்கிறதே என்று தனக்குள் மெச்சிக்கொண்டாள்.

அமாவாசைக்கு முந்தின வாரம் ராசம்மாள் கொல்லைக் கதவருகே நின்றுகொண்டு முறையிட்டாள்.

"சின்னம்மா துணி கறை போவலம்மா. நாலு தபா உவர்மண்ணு போட்டாச்சி, வெள்ளாவியும் வச்சாச்சி. அப்படியே நிக்கிது. நான் சரியா வெளுக்கலன்னு சொல்லிப் படி அரிசியக் கொறைச்சிடாதீங்க."

"எந்தத் துணி? கொண்டா பாக்கலாம்" என்றாள் தில்லையம்மாள்.

கொட்டிலில் பம்படித்துக்கொண்டிருந்த சௌந்தரத்தின் கை நின்றுவிட்டது. தில்லையம்மாள் துணியை வாங்கிப் பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள். கொட்டில் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ராசம்மாளுக்கு வழக்கத்தைவிட ஒரு கை கூடவே அரிசி போட்டு அனுப்பினாள். மருமகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று இரவு சாப்பாட்டில் அவளுக்கு ஒரு கரண்டி நெய்கூட விழுந்தது.

அந்த வருஷம் ஆடி அமாவாசையும் சூரிய கிரகணமும் ஒன்றாக வந்தன. காலையிலேயே வீடு பரபரத்தது. கிரகணம் பிடிக்குமுன் குடத்துத் தண்ணீர், ஊறுகாய் ஜாடி, மோர்ப் பானை எல்லாவற்றிலும் தர்ப்பை போட்டுவிட வேண்டும். போடாத தண்ணீர் தோஷம், விட்டதும் கொட்டிவிட வேண்டும். சௌந்தரம் தர்ப்பைப் புல்லுக்காகக் கை நீட்டினாள். மூன்று தொட்டிகளுக்கு மூன்று கீற்று.

தில்லையம்மாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடி இறுகியது. ஆனால் குரலில் தேன் ஒழுகியது.

"நீ எதுக்கும்மா அலையுறே? பிள்ளைத்தாச்சிப் பொண்ணு கிரகணத்துல நடமாடலாமா? டேய் ஹேமு, உம் பொண்டாட்டி உங்கிட்ட சொன்னாளாடா? எங்கிட்டயும் சொல்லல. கணவாய்கிட்ட சொல்லியிருப்பா."

ஹேமசபேசன் ஈர வேட்டியோடு நின்றான். முதலில் விழித்தான், அப்புறம் முகம் மலர்ந்தது. "நிஜமாவா?" என்று அம்மாவைத்தான் கேட்டான்.

நெல் மூட்டை போடுகிற உள்ளறை. ஜன்னல் இல்லை. கூச்சல் போட்டுப் பார்த்தாள், உதறிப் பார்த்தாள். இரண்டு பேரும் சேர்ந்து, ரொம்பப் பதவிசாக, வயிற்றில் அடிபடாமல் பார்த்துக்கொண்டு உள்ளே தள்ளினார்கள். வெளியே நாதாங்கி விழுந்தது. ஹேமசபேசன் செத்துப்போன அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கக் கோயில் குளத்துக்குப் போய்விட்டான்.

கதவிடுக்கில் வெளிச்சம் மங்கி வந்தது. தெருவில் யாரோ தாம்பாளத்தைத் தட்டினார்கள்.

"அத்தை, கதவத் தொறங்க. காலையில தண்ணி மாத்தல."

"கிரகணம் விடட்டும்டி. வெளிய வந்தா ஒதடு கிழிஞ்சு பொறக்கும்."

"தொட்டியில தர்ப்பையாவது போடுங்க."

"கடலுப் பூச்சிக்குத் தர்ப்பையா? விட்டதும் மொத வேலையா அதைக் கொட்டறேன்."

"அது கடல் தண்ணி அத்தை. கடலுக்குந்தான் கிரகணம் பிடிக்குது. கடல யாராவது கவுக்கறாங்களா?"

"கடலு எங் கொட்டில்ல இல்ல."

சௌந்தரம் நெற்றியைக் கதவில் முட்டிக்கொண்டு நின்றாள். பிறகு தில்லையம்மாளின் குரல் ரொம்பக் கிட்டத்தில் கேட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் அவளும் வாயை வைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

"ஒண்ணு செய். ஹேமு எல்லாத்தையும் சொல்லிட்டான். மதராஸ் போகமாட்டேன்னு சொல்லு. வயித்துல கை வச்சு சத்தியம் பண்ணு. தர்ப்பை போடறேன்."

"சத்தியம் பண்ணா அதுகள விட்டுடுவீங்களா?"

"தர்ப்பை போடறேன்னு சொல்றேன்ல."

சௌந்தரம் இருட்டில் நின்றாள். அந்த இடம் கிடைக்கத்தான் குஞ்சுகளை வளர்த்தாள். இப்போது குஞ்சுகள் பிழைக்க அந்த இடத்தை விட வேண்டும். அப்பா எழுந்திரிக்காதே என்று சொல்லியிருந்தார். கண்ணாடியோரம் வந்து வரிசையாக நிற்கிற கண்கள் ஞாபகம் வந்தன. கிரகணம் விட்டதும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவாள். வயிற்றில் கை வைத்தாள்.

"போகமாட்டேன். சத்தியமா."

"இப்பத்தான் எங்க வூட்டு மருமவ."

வெளிச்சம் திரும்பிற்று. ஹேமசபேசன் வந்த சத்தம் கேட்டது. குடங்கள் உருண்டன. பிறகு கொல்லையில் கண்ணாடி தரையில் இழுபடுகிற கிறீச்சொலி.

"என்னம்மா அத இழுக்கறே?" இது அவன்.

"ஊத்தத்தான். உனக்கு இதெல்லாம் வேணுமாடா?"

"எனக்கு வேண்டியத நேத்தே ஃபார்மலின் சீசாவுல போட்டாச்சு. நாளைக்கு அவர்கிட்ட அதக் காட்டிக்கறேன். தொட்டி மட்டும் ஒடையாமப் பாத்துக்க. காலேஜ் சாமான்."

தண்ணீர் கொட்டுகிற சத்தம் மூன்று முறை கேட்டது. சௌந்தரம் கதவை இடித்தாள், கை தோல் உரிகிறவரை இடித்தாள். சாவகாசமாக நாதாங்கி திறந்தது.

"தர்ப்பை போடறேன்னீங்களே."

"போட்டேனே. குடிக்கற தண்ணியில போட்டேன், மோர்ல போட்டேன்" என்றாள் தில்லையம்மாள். "எதுல போடறேன்னு நீ கேக்கலியே. போ, போய்க் குளி. சமைக்கணும்."

கொல்லையில் சேறு. வாழைக்குப் போகிற வாய்க்காலெல்லாம் குஞ்சுகள் கிடந்தன. சாகிறபோது கணவாய் சும்மா சாவதில்லை. வெள்ளை, பழுப்பு, செம்மை என்று உடம்பெல்லாம் நிறம் மாறி மாறி ஓடும், விளக்கைத் தூண்டித் தூண்டி அணைக்கிற மாதிரி. சௌந்தரம் ஓடிப்போய்த் தொட்டிகளைப் பார்த்தாள். கடல் தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. ஜாடிகளையும் மாமியார் கவிழ்த்திருந்தாள். கிணற்றுத் தண்ணீரில் போட்டால் இன்னும் சீக்கிரம் சாகும். அது அவளுக்குத் தெரியும். படித்திருக்கிறாளே.

குளித்தார்கள். தில்லையம்மாளே சமைத்தாள். முதல் நாள் ராத்திரியிலிருந்து யாரும் ஒரு வாய் சாப்பிடவில்லை. அமாவாசைச் சோற்றைக் காகம் எடுத்த பிறகுதான் வீட்டில் இலை விழும். செத்துப்போனவர்கள் காகமாக வந்து பசியாறுகிறார்கள் என்று பேர். தில்லையம்மாள் வாழையிலைத் துண்டில் சோறும் பருப்பும் வடையும் வைத்து மதில்மேல் வைத்தாள்.

"கா... கா..."

காகங்கள் வந்தன. நிறையவே வந்தன. மதில்மேல் உட்கார்ந்து இலையைச் சாய்ந்து பார்த்தன. பிறகு ஒன்று சேற்றில் இறங்கியது. ஒரு குஞ்சைக் கொத்தியது. பின்னாலேயே எல்லாம் இறங்கின. சோற்றை எதுவும் சீண்டவில்லை.

தில்லையம்மாளின் குரல் மாறிற்று. "கா... கா... ஏங்க, வாங்களேன்" என்று புருஷனை அழைத்தாள். ஒரு காகம் அலகில் கணவாயோடு பறந்து வந்து இலைமேலேயே உட்கார்ந்தது. பருப்பின்மேல் கணவாயை வைத்து, காலால் அழுத்திக்கொண்டு, கிழித்துத் தின்றது. மை சோற்றில் வழிந்தது.

"மாமாவுக்கு இதுதான் பிடிச்சிருக்கு போல அத்தை" என்றாள் சௌந்தரம். "உயிரோட இருந்தப்ப வாய்விட்டுக் கேக்க பயந்துக்கிட்டு இருந்திருப்பாரு."

தில்லையம்மாள் திரும்பி அவள் கன்னத்தில் அறைந்தாள். சௌந்தரம் கன்னத்தைத் தடவக்கூட இல்லை.

கிழவி உள்ளே ஓடிப்போய்ப் புது இலையில் புதுச் சோறு கொண்டுவந்தாள். பக்கத்து வீடுகளில் சாப்பாடு முடிந்து கை கழுவுகிற சத்தம் கேட்டது. ஹேமசபேசன் கொல்லைப்படியில் வந்து நின்றான். பசியில் முகம் சுண்டியிருந்தது.

"என்னம்மா, இன்னும் எடுக்கலியா?"

"சேத்துல இருக்கறது தீந்தா வரும்டா. கொஞ்சம் பொறு."

அது உண்மைதான். சேற்றில் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் தீர்ந்துகொண்டிருந்தது. காகங்கள் ஒவ்வொன்றாக மதிலுக்குத் திரும்பிக் கழுத்தைச் சாய்த்து இலையைப் பார்க்க ஆரம்பித்தன. தில்லையம்மாள் மூச்சு விட்டாள்.

சௌந்தரம் புடவையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினாள். வாழைச் சருகுக்கடியில் இன்னும் குஞ்சுகள் இருந்தன. அவை ஒளிந்துகொள்கிற இடம் அவளுக்குத் தெரியாதா? ஒன்றை எடுத்தாள். உள்ளங்கையில் அது வெளுத்தது, பிறகு கோடு கோடாகப் பழுப்பேறியது. இன்னும் உயிர் இருந்தது. அவள் விரலைக் கூனி என்று நினைத்தோ என்னவோ, முன் கைகள் இரண்டைத் தூக்கிற்று.

அவள் அதை மதிலுக்கு எதிர்ப்பக்கம், தூரமாக விட்டெறிந்தாள். காகங்கள் இலையை விட்டுவிட்டு அந்தப் பக்கம் பறந்தன.

"அடியே, என்னடி பண்றே" என்றாள் தில்லையம்மாள்.

"மாமாவுக்குப் போடறேன் அத்தை."

"சௌந்தரம், போதும் வா. பசிக்குது" என்றான் ஹேமசபேசன்.

அவளுக்கும்தான் பசித்தது. வயிற்றில் இருந்ததற்கும் பசித்திருக்கும். அவள் காகங்கள் தின்று முடிகிறவரை நின்று பார்த்தாள். அவை மதில் பக்கம் தலையைத் திருப்பியதும், குனிந்து சருகை விலக்கி, அடுத்ததை எடுத்தாள்.